யூரின் லீக், அடி இறக்கம், அடக்க முடியாத அவசரம்: ஆராய்ச்சி நிஜமா என்ன சொல்லுது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்தப் பிரச்சினைகளை வாய்விட்டுப் பேசவே பாதிப் பேருக்குக் கூச்சம், அதனால ட்ரீட்மென்ட் பத்தி காதுல விழுறதும் பாதி விளம்பரம் பாதி வதந்தியாதான் இருக்கு. ஆனா பாத்தீங்கன்னா கடந்த 30 வருஷத்துல இதுல நல்ல தரமான ஆராய்ச்சி நிறையவே வந்திருக்கு. நான் டாக்டர் கிடையாது, பேப்பர் எடுத்துப் படிக்கிற ஆளு, படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கையில வச்சிருப்பேன்: "சரி, இத்தனை பேருக்கு குணமாச்சுன்னு சொல்றீங்க, எதோட ஒப்பிட்டுப் பாத்தீங்க?" இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விளம்பரம் சாயம் வெளுத்துடும், கீழ போகப் போக நீங்களே பாப்பீங்க.

லீக் ஆகுதுன்னா எல்லாம் ஒரே பிரச்சினைதானா?

இல்ல, இங்கதான் நிறைய பேர் வழி தவறிப் போறாங்க. இருமினா, தும்மினா, சிரிச்சா, கனமா எதையாவது தூக்கினா கொஞ்சம் கசியுதுன்னா அது ஒரு வகை, இதை ஸ்ட்ரெஸ் லீக்னு சொல்வாங்க, மனசு ஸ்ட்ரெஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, வயித்துக்குள்ள ஏறுற அழுத்தம்தான். திடீர்னு அவசரமா வந்து பாத்ரூம் கதவைத் திறக்குறதுக்குள்ள போயிடுதுன்னா அது வேற வகை, சிறுநீர்ப்பை நிரம்புறதுக்கு முன்னாடியே சுருங்கப் பாக்குறதால வர்றது. ரெண்டும் சேந்து இருக்குறவங்களும் ஏகப்பட்ட பேர். இதைத் தவிர கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழ இறங்கி ஏதோ உருண்டையா தட்டுப்படுற அடி இறக்கம், அப்புறம் இன்ஃபெக்ஷனே இல்லாம வர்ற சிறுநீர்ப்பை வலி.

ஒவ்வொண்ணுக்கும் ட்ரீட்மென்ட் வேற. உங்களுக்கு எதுன்னு தெரிய பெரிய மெஷின் எல்லாம் முதல்ல வேண்டாம், குறைஞ்சது 3 நாளைக்கு எப்ப என்ன குடிச்சேன், எப்ப போனேன், எவ்வளவு போனேன், எப்ப கசிஞ்சதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு டாக்டர்கிட்ட போங்க. அந்த நோட்டைப் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

குழந்தை பெத்தா இதெல்லாம் சகஜம்தானே? சிசேரியன் பண்ணியிருந்தா வந்திருக்காதுல்ல?

அடிக்கடி வர்றதுங்குறது வேற, பொறுத்துக்கிட்டே இருக்கணும்ங்குறது வேற. சிசேரியன் விஷயத்துக்கு நார்வேல 15,000 பெண்களுக்கு மேல வச்சு ஒரு கணக்கு எடுத்து 2003ல வெளியிட்டாங்க. குழந்தையே பெறாதவங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு லீக் இருந்துச்சு, சிசேரியன் மட்டும் ஆனவங்கள்ல சுமார் 16, சுகப்பிரசவம் ஆனவங்கள்ல 21. அதாவது சிசேரியன் கொஞ்சம் காப்பாத்துது, முழுசா இல்ல, ஏன்னா கர்ப்பமா இருக்குறதே இடுப்புக்கு அடியில இருக்குற தசைக்கு ஒரு பாரம். குழந்தையே பெறாதவங்களுக்கும் வருதுங்குறதையும் கவனிங்க. லீக் வரக்கூடாதுன்னு மட்டும் சிசேரியன் கேக்குறது என் கணக்குல லாபமில்லாத வேலை.

கெகல் எக்சர்சைஸ் நிஜமாவே வேலை செய்யுதா, இல்ல சும்மா சொல்றாங்களா?

கெகல்ங்குறது இடுப்புக்கு அடியில இருக்குற தசையை இறுக்கி இறுக்கி விடுற பயிற்சி. வேலை செய்யுது, அதுவும் ஸ்ட்ரெஸ் லீக்குக்கு ரொம்ப நல்லாவே. ஆர்னால்ட் கெகல்ங்குற அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் 1948ல இதைப் பத்தி எழுதினார், ஆனா அந்தக் காலத்துல ஒப்பீடுன்னு பெருசா எதுவும் கிடையாது. இப்ப அந்தக் குறை இல்ல. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து அலசுற காக்ரேன் அமைப்பு 2018ல 31 ஆராய்ச்சிகளைச் சேத்துப் பாத்தப்போ, ஸ்ட்ரெஸ் லீக் இருக்குற பெண்கள்ல எக்சர்சைஸ் பண்ணவங்கள்ல 56 சதவீதம் பேர் குணமாயிடுச்சுன்னு சொன்னாங்க, பண்ணாதவங்கள்ல வெறும் 6 சதவீதம். வெட்டு இல்ல, மருந்து இல்ல, பக்க விளைவுன்னு சொல்லிக்க பெருசா எதுவும் இல்ல, அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம்.

இடுப்புக்கு அடியில முன்னாடி எலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் ஒரு தூளி கட்டின மாதிரி தசைகள் இருக்கு, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அது மேலதான் உக்காந்திருக்கு. அது பலமாச்சுன்னா இருமும்போது மூத்திரக் குழாய் அமுங்கி மூடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

நான் பல மாசமா பண்றேன், எந்த மாத்தமும் இல்லையே?

இதுக்கு பதில் கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா "கெகல் எனக்கு ஒத்துவரல"ன்னு சொல்ற நிறைய பேரு அந்தத் தசையை இறுக்கவே இல்ல.

1991ல ஒரு சின்ன ஆராய்ச்சி, 47 பெண்கள். எப்படி இறுக்கணும்னு வாயால மட்டும் சொல்லிக் குடுத்துட்டு கருவி வச்சு அளந்து பாத்தாங்க. சரியா பண்ணது பாதிப் பேர்தான். அதைவிட மோசம், நாலுல ஒருத்தங்க பண்ண விதம் லீக்கை இன்னும் கூட்டுற மாதிரி இருந்துச்சு, அதாவது உள்ள மேல இழுக்குறதுக்கு பதிலா கீழ முக்கிக்கிட்டு இருந்தாங்க. இதை மாசக்கணக்கா பண்ணா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

சரியான முறைன்னா: கூட்டத்துல காத்து விடாம அடக்குற மாதிரி பின்வாசலை இறுக்கி, அதே இறுக்கத்தை முன்பக்கம் வரை கொண்டு வந்து, மேல இழுக்கணும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. இறுக்குற அளவுக்கு விடுறதும் முக்கியம், முழுசா தளர்த்திட்டுதான் அடுத்தது. மூத்திரம் போகும்போது பாதியில நிறுத்தி நிறுத்தி எக்சர்சைஸா பண்ணாதீங்க, சிறுநீர்ப்பை முழுசா காலியாகாமப் போயிடும்.

இங்கிலாந்துல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டி எழுதுற நைஸ் அமைப்பு சொல்ற அளவு: ஒரு தடவைக்கு குறைஞ்சது 8 இறுக்கம், ஒரு நாளைக்கு 3 தடவை, குறைஞ்சது 3 மாசம், அதுவும் தெரிஞ்சவங்க மேற்பார்வைல. அந்த மேற்பார்வைங்குற வார்த்தையைத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. இதுல பழகின பிஸியோதெரபிஸ்ட் ஒருத்தர் ஒரே ஒரு தடவை பரிசோதிச்சு சரியா இறுக்குறீங்களான்னு சொல்லிட்டா, வீடியோ பாத்துக் குழம்புற ஆறு மாசம் மிச்சம்.

இன்னொரு சின்ன வித்தை இருக்கு, தும்மல் வரப்போகுதுன்னு தெரிஞ்ச உடனே, தும்முறதுக்கு முன்னாடியே அந்தத் தசையை இறுக்கிக்கிறது. 1998ல அமெரிக்காவுல இதைச் சோதிச்சுப் பாத்தாங்க, ஒரே வாரம் பழகினதுலயே இருமும்போது கசியுற அளவு நல்லா குறைஞ்சிடுச்சு. தசை பலமாக மாசக்கணக்குல ஆகும், இந்த டைமிங்கை சீக்கிரமே பழகிடலாம்.

பயோஃபீட்பேக் மெஷின் வாங்கினா சீக்கிரம் குணமாகுமா?

தசை எவ்வளவு இறுகுதுன்னு அளந்து நமக்கே காட்டுற மெஷின் இது. 600 பெண்களை வச்சு ஸ்காட்லாந்துலயும் இங்கிலாந்துலயும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தி 2020ல வெளியிட்டாங்க. பாதிப் பேருக்கு எக்சர்சைஸ் மட்டும், பாதிப் பேருக்கு எக்சர்சைஸோட மெஷினும். 2 வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். தசை எங்க இருக்குன்னே உணர முடியாதவங்களுக்கு ஆரம்பத்துல கத்துக்க உதவலாம், மத்தபடி எல்லாருக்கும் தேவையில்ல.

எக்சர்சைஸா, ஆபரேஷனா? நேரா ஆபரேஷனே பண்ணிட்டா என்ன?

நெதர்லாந்துல 460 பெண்களை ரெண்டா பிரிச்சு ஒரு பக்கம் பிஸியோ, ஒரு பக்கம் ஸ்லிங் ஆபரேஷன் (மூத்திரக் குழாய்க்கு அடியில நாடா வச்சுத் தாங்குறது)னு நேருக்கு நேர் வச்சுப் பாத்தாங்க, 2013ல வந்தது. எல்லாருமே நடுத்தரம் இல்லன்னா அதிகமான ஸ்ட்ரெஸ் லீக் இருந்தவங்க. ஒரு வருஷத்துல ஆபரேஷன் பக்கம் சுமார் 91 சதவீதம் பேரு முன்னேற்றம்னு சொன்னாங்க, பிஸியோ பக்கம் 64. பிஸியோல சேந்தவங்கள்ல 49 சதவீதம் பேர் நடுவுல ஆபரேஷனுக்கு மாறிட்டாங்க.

இதைப் படிச்சிட்டு "அப்ப ஆபரேஷன்தான் ஜெயிச்சுது"ன்னு முடிக்கலாம், தப்பில்ல. ஆனா நான் இதை வேற மாதிரியும் பாக்குறேன்: பிஸியோ மட்டும் பண்ணி ஆபரேஷன் பக்கமே போகாதவங்க மீதி பாதி, அப்புறமா மாறினவங்களுக்கும் முதல்லயே ஆபரேஷன் பண்ணவங்க அளவுக்கு பலன் கிடைச்சது. அதாவது முதல்ல எக்சர்சைஸ் பண்ணிப் பாத்ததால எதையும் இழக்கல. ஆபரேஷன்ல ரத்தக்கசிவு, சிறுநீர்ப்பைல ஓட்டை விழுறது, அப்புறம் மூத்திரம் போக சிரமம்னு சில பேருக்கு சிக்கல் வரத்தான் செய்யும். லீக் கம்மியா இருந்தா 3 மாசம் எக்சர்சைஸ் பண்ணுங்க, ரொம்ப அதிகம்னா டாக்டர்கிட்ட ரெண்டையும் சேத்தே பேசுங்க.

வெயிட் குறைச்சா லீக் குறையுமா?

குறையும். 2009ல அமெரிக்காவுல உடல் எடை அதிகமா இருந்த 338 பெண்களை வச்சு ஒரு ஆராய்ச்சி. எடை குறைப்புத் திட்டத்துல இருந்தவங்க 6 மாசத்துல சராசரியா 8 சதவீதம் எடை குறைச்சாங்க, லீக் ஆகுற எண்ணிக்கை 47 சதவீதம் குறைஞ்சது. ஒப்பீட்டுக்கு வச்சிருந்தவங்களுக்கு வெறும் வகுப்புதான், அவங்களுக்கும் 28 சதவீதம் குறைஞ்சிடுச்சு! இதைத்தான் மேல சொன்னேன். ஒருத்தர் நம்மளைக் கவனிக்கிறாங்க, நாமளும் தினமும் எழுதி வைக்கிறோம்னாலே கொஞ்சம் குறையுது. நாளைக்கு யாராவது "எங்க பவுடர் குடிச்சவங்களுக்கு 25 சதவீதம் குறைஞ்சுது"ன்னு வந்தா இந்த 28ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

அவசரம் அடக்க முடியல, பாத்ரூமைத் தேடியே வாழ்க்கை போகுது. மாத்திரை போட்டுக்கவா?

மாத்திரைக்கு முன்னாடி சிறுநீர்ப்பைக்கு பயிற்சி. அவசரம் வந்த உடனே ஓடாதீங்க, நின்னு இல்லன்னா உக்காந்து, அடித்தசையை அஞ்சாறு தடவை டக் டக்னு இறுக்குங்க, அவசரம் தணிஞ்சப்புறம் நிதானமா நடந்து போங்க. போற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போடுங்க, குறைஞ்சது 6 வாரமாவது பண்ணணும்.

இது மாத்திரைக்கு முன்னாடி நிக்குமான்னு கேப்பீங்க. 1998ல 55லேர்ந்து 92 வயசு வரைக்கும் உள்ள 197 பெண்கள்கிட்ட சோதிச்சாங்க. பயிற்சி எடுத்தவங்களுக்கு லீக் 81 சதவீதம் குறைஞ்சது, ஆக்ஸிபியூட்டினின் மாத்திரைக்கு 69, வெறும் டம்மி மாத்திரைக்கு 39. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இது, 92 வயசுலயும் சிறுநீர்ப்பையைப் பழக்கலாம்னு காட்டினதால. அந்த 39ஐயும் விட்டுடாதீங்க, சும்மா மாத்திரைக்கே அவ்வளவு!

மாத்திரை தேவைப்படுறவங்களும் இருக்காங்க. ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின் மாதிரி பழைய வகைல வாய் வறட்சி, மலச்சிக்கல் வரும். இந்த வகை மருந்துகளை வருஷக்கணக்கா அதிக அளவுல எடுத்தவங்களுக்கு மறதி நோய் கூடுதலா வந்திருக்குன்னு பெரிய கணக்கெடுப்புகள் காட்டுது, மருந்தாலதான் வந்துச்சுன்னு அது நிரூபிக்கல, ஆனா வயசானவங்களுக்கு எழுதும்போது டாக்டர்கள் இப்ப யோசிக்கிறாங்க. மிராபெக்ரான்னு 2012ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது வேற வழியில வேலை செய்யுது, வாய் வறட்சி கம்மி, பிபி அதிகமா இருக்குறவங்க மட்டும் பாத்து எடுக்கணும். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க.

போட்டாக்ஸ் ஊசி, நரம்புக்கு கரண்ட் குடுக்குறது இதெல்லாம் எப்படி?

சுருக்கம் போக முகத்துல போடுறாங்களே, அதே மருந்துதான், இங்க சிறுநீர்ப்பை தசைக்குள்ள. 2012ல மாத்திரையோட ஒப்பிட்டப்போ லீக் குறைஞ்ச அளவு ரெண்டுலயும் கிட்டத்தட்ட சமம், ஆனா முழுசா நின்னு போனது போட்டாக்ஸ்ல 27 சதவீதம் பேருக்கு, மாத்திரைல 13 சதவீதம் பேருக்கு. பதிலுக்கு போட்டாக்ஸ்ல யூரின் இன்ஃபெக்ஷன் 33 சதவீதம் பேருக்கு வந்துச்சு, மாத்திரைல 13. சில பேர் கொஞ்ச நாளைக்கு தானே ட்யூப் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டியிருக்கும். மருந்து தேயத் தேய மறுபடி போட்டுக்கணும்.

இடுப்புக்குப் பின்னாடி நரம்புல சின்ன கருவி வைக்கிறதையும் போட்டாக்ஸையும் 2016ல நேரடியா ஒப்பிட்டாங்க, போட்டாக்ஸ் கொஞ்சம் முன்னாடி, ஆனா ரொம்ப சின்ன வித்தியாசம், இன்ஃபெக்ஷனும் அதுலதான் ஜாஸ்தி. கணுக்கால்கிட்ட ஊசி வச்சு வாரம் ஒரு தடவை அரை மணி நேரம்னு 12 வாரம் மெல்லிசா கரண்ட் குடுக்குற முறையும் இருக்கு. கரண்டே குடுக்காம குடுக்குற மாதிரி நடிச்சு ஒப்பிட்டதுல நிஜத்துல 55 சதவீதம் பேருக்கு முன்னேற்றம், நடிப்புல 21. இந்த மாதிரி நடிப்பு வச்சும் ஜெயிச்சா எனக்கு நம்பிக்கை வருது.

அடி இறக்கம்னு சொல்லிட்டாங்க, கர்ப்பப்பையை எடுத்தே ஆகணுமா?

கட்டாயம் இல்ல. லேசான இறக்கம் இருந்து தொந்தரவே இல்லன்னா எதுவுமே பண்ணாம கவனிச்சுக்கிட்டு இருக்கலாம். எக்சர்சைஸ் பண்ணா அந்த பாரமான உணர்வு குறையுதுன்னு 447 பெண்களை வச்சு 2014ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, இறங்கினது அப்படியே மேல ஏறிடும்னு எதிர்பாக்காதீங்க.

அப்புறம் பெஸரி, உள்ள வச்சுக்கிற சிலிகான் வளையம். இதைப் பத்தி யாருமே சொல்ல மாட்டேங்குறாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம். நெதர்லாந்துல 440 பெண்கள்கிட்ட ஆபரேஷனோட ஒப்பிட்டு 2022ல வெளியிட்டாங்க, 2 வருஷத்துல ஆபரேஷன் பக்கம் சுமார் 82 சதவீதம் பேருக்கும் பெஸரி பக்கம் 76 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். ஆனா பெஸரி எடுத்தவங்கள்ல பாதிக்கு மேல அதுக்குள்ள ஆபரேஷனுக்கு மாறிட்டாங்கங்குறதையும் சேத்துச் சொல்லணும். ஆபரேஷன் வேண்டாம்னு நினைக்கிறவங்க, இன்னும் குழந்தை பெத்துக்க இருக்குறவங்க, வேற நோயால ஆபரேஷன் தாங்காதவங்களுக்கு இது நல்ல வழி. தானே எடுத்துக் கழுவி வச்சுக்கப் பழகினவங்களுக்கு சிக்கல் கம்மியா இருந்ததா 2023ல வந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி காட்டுது.

மெஷ் வச்சா ஆபத்துன்னு கேள்விப்பட்டேன், எல்லா மெஷ்ஷுமா?

ரெண்டு விஷயத்தைக் கலக்காதீங்க. அடி இறக்கத்துக்கு பிறப்புறுப்பு வழியா வைக்கிற பெரிய வலை ஒண்ணு. இது மார்க்கெட்டுக்கு முதல்ல வந்துடுச்சு, ஒழுங்கான ஒப்பீடு அப்புறம்தான் வந்துச்சு. வலை வெளிய துருத்துறது, வலி, மறுபடி ஆபரேஷன்னு புகார் குவிஞ்சது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ 2011ல எச்சரிச்சு, 2016ல அதிக ஆபத்து வகைக்கு மாத்தி, 2019 ஏப்ரல்ல விக்கிறதையே நிறுத்தச் சொல்லிடுச்சு.

ரெண்டாவது, ஸ்ட்ரெஸ் லீக்குக்கு மூத்திரக் குழாய்க்கு அடியில வைக்கிற மெல்லிசான நாடா, 1990கள்ல ஸ்வீடன்ல உல்ஃப் உல்ம்ஸ்டன் கொண்டு வந்தது. இதுக்கு ஆராய்ச்சி நிறைய இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு நல்லா வேலையும் செய்யுது. ஆனா இதுலயும் நாள்பட்ட வலி வந்து கஷ்டப்பட்டவங்க உண்டு, இங்கிலாந்துல 2018ல இதையும் சேத்தே நிறுத்தி வச்சாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கேளுங்க: என்ன வைக்கிறீங்க, திரும்ப எடுக்க முடியுமா, மெஷ் இல்லாம சொந்தத் திசுவை வச்சே பண்ண முடியுமா? மூணாவதுக்கு பதில் "முடியும்"தான், சொந்தத் திசு ஸ்லிங்னு ஒண்ணு ரொம்ப காலமா இருக்கு.

பிறப்புறுப்பை லேசர் வச்சு டைட் பண்றோம்னு விளம்பரம் வருதே?

எஃப்.டி.ஏ 2018லயே எச்சரிச்சது, லீக்குக்கோ மெனோபாஸ் தொந்தரவுக்கோ இதுக்கு அனுமதி இல்ல, தீக்காயம், தழும்பு, வலி வரலாம்னு. 2021ல ஆஸ்திரேலியாவுல மெனோபாஸ் வறட்சிக்கு நிஜ லேசரையும் பொய் லேசரையும் ஒப்பிட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சு வித்தியாசமே இல்ல. காசை பிஸியோவுக்குக் குடுங்க.

மெனோபாஸுக்கு அப்புறம் ஹார்மோன் எடுத்தா லீக் நிக்குமா?

வாய்வழியா எடுக்குற மாத்திரை இதுக்கு உதவாது, ஆயிரக்கணக்கான பெண்களை வச்சு அமெரிக்காவுல நடந்த ஆராய்ச்சியோட 2005 முடிவுல லீக் கூடித்தான் போச்சு. உள்ள தடவுற ஈஸ்ட்ரஜன் க்ரீம் வேற கதை, அவசரமும் வறட்சியும் குறையுது, திரும்பத் திரும்ப வர்ற இன்ஃபெக்ஷனும் நல்லா குறையுது. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க மட்டும் டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது.

அடிக்கடி யூரின் இன்ஃபெக்ஷன் வருது, ஆன்டிபயாட்டிக் போட்டே அலுத்துப் போச்சு

தண்ணி. மெனோபாஸ் ஆகாத, தண்ணி கம்மியா குடிக்கிற பழக்கம் உள்ள 140 பெண்கள்ல பாதிப் பேரை தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க வச்சாங்க, கூடுதலா குடிக்காத மீதிப் பேருக்கு வருஷத்துல சராசரியா 3.2 தடவை வந்துச்சு, குடிச்சவங்களுக்கு 1.7 தடவைதான். கிரான்பெரி ஓரளவு உதவுது. டி-மேனோஸ் பவுடர்னு விக்கிறாங்களே, 598 பெண்கள்கிட்ட டம்மி பவுடரோட ஒப்பிட்டு 2024ல வந்த முடிவு: பலன் இல்ல. மெத்தனமின்னு ஒரு பழைய மருந்து, ஆன்டிபயாட்டிக் கிடையாது, தினசரி ஆன்டிபயாட்டிக்குக்கு ஈடா நிக்குதுன்னு 2022ல பிரிட்டன்ல பாத்திருக்காங்க, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.

எனக்கு லீக் இல்ல, வலிதான். கெகல் பண்ணலாமா?

பொறுங்க! நிறைய பேருக்கு வலி இருக்கும்போது தசை தளர்ந்து இருக்காது, ஏற்கனவே இறுகிப் போய் கிடக்கும், அதை இன்னும் இறுக்கினா வலி கூடும். இவங்களுக்கு வேண்டியது தளர்த்துற பிஸியோ. சிறுநீர்ப்பை வலியும் தசை இறுக்கமும் இருந்த 81 பெண்கள்ல, இறுகின தசையைக் கையால தளர்த்துற சிகிச்சைல 59 சதவீதம் பேருக்கும் சாதாரண மசாஜ்ல 26 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம் தெரிஞ்சது. இதே வலிக்கு குடுக்குற பென்டோசான் மாத்திரை வருஷக்கணக்கா எடுத்தவங்களுக்கு விழித்திரை பாதிப்பு வந்தது 2018லேர்ந்து தெரிய வந்திருக்கு, எடுக்குறவங்க கண் டாக்டரையும் பாத்துக்கோங்க.

எப்ப காத்திருக்காம உடனே போகணும்?

மூத்திரத்துல ரத்தம் (வலி இல்லாம வந்தாலும்), மூத்திரம் சுத்தமா வராம அடைச்சுக்கிறது, காய்ச்சலோட முதுகு வலி. திடீர்னு தொடை நடுவுல மரத்துப் போய் கால் பலமிழந்து கட்டுப்பாடே போச்சுன்னா அன்னிக்கே எமர்ஜென்சி, அது முதுகுத்தண்டு நரம்பா இருக்கலாம்.

பிஸியோகிட்ட போக வழியில்ல, ஆப் வச்சு பண்ணா போதுமா?

ஸ்வீடன்ல உமியோ பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே டேட்னு ஒரு ஆப் செஞ்சு, 123 பெண்கள்ல பாதிப் பேருக்குக் குடுத்து, பாதிப் பேரைக் காத்திருக்க வச்சுப் பாத்தாங்க. 3 மாசத்துல ஆப் வச்சிருந்தவங்களுக்கு லீக் தெளிவாவே குறைஞ்சது. அதனால ஸ்ட்ரெஸ் லீக்குன்னு தெரிஞ்சவங்க, வலி எதுவும் இல்லாதவங்க தாராளமா ஆரம்பிக்கலாம். ஆனா ஒப்பிட்டது சும்மா இருந்தவங்களோடதான், பிஸியோவோட இல்ல, அதனால 3 மாசம் விடாம பண்ணியும் அசையலன்னா ஆப்பை மாத்திப் பிரயோஜனம் இல்ல, ஒரு தடவையாவது ஆளைப் பாத்து சரியாத்தான் இறுக்குறீங்களான்னு செக் பண்ணிக்கோங்க.